மொட்டைக் கடிதம் இல்லை

குடியாத்தம்,
வைகாசி 5

அன்புள்ள நண்பனுக்கு,

கெங்கையம்மன் சிரசுத் திருவிழா முடிந்து நாலு நாள் ஆகியும் ஊர் இன்னும் தூக்கம் தெளியவில்லை. நீ இல்லாத குறைதான். வெயில் வழக்கம்போல வேலூர் வெயில், அதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது.

மகள் கல்யாணச் செய்தியோடு வந்த உன் மெயில் கிடைத்தது. மனசு நிறைந்தது, கண்தான் நோகிறது. படங்கள் தானாக இறங்காதபடி போனில் அடைத்து வைத்திருக்கிறேன். அதனால் நீ போட்ட மெரூன் பின்னணி வரவில்லை. வெள்ளைத் திரையில் மஞ்சள் எழுத்து மட்டும் வந்து நின்றது. இந்த அழகில், நிறமும் படமும் இல்லாமல் வெறும் எழுத்தாக (பிளெயின் டெக்ஸ்ட்) வரும் என் மெயில்கள் மொட்டைக் கடிதம் மாதிரி இருக்கின்றன என்று வேறு எழுதியிருக்கிறாய்! மொட்டைக் கடிதத்தில் கையெழுத்து இருக்காதப்பா, என்னுடையதில் இருக்கிறதே.

படத்தை ஏன் அடைத்தேன் என்று கேட்பாய். விளம்பர மெயில்களில் கண்ணுக்கே தெரியாத ஒரு புள்ளிப் படம் ஒளிந்திருக்கும். அது இறங்கியதும், நாம் மெயிலைத் திறந்த சேதி அனுப்பியவனுக்குப் போய்விடும். நிறம், படம், எழுத்துரு எல்லாம் வைத்து அனுப்பும் உன்னுடையது மாதிரி எச்டிஎம்எல் மெயிலில்தான் இது நடக்கும். வெளியே பேங்க் முகவரி, உள்ளே திருடன் முகவரி என்று லிங்க் வைக்கும் வேலையும் அதில்தான் சுலபம். பிளெயின் டெக்ஸ்டில் முகவரி உள்ளபடியே தெரியும்.

ஆம்பூரில் ஷூ கம்பெனியில் இருந்தபோது பட்டதைச் சொல்கிறேன். வெளிநாட்டு பையர் ஒருவர் ஆர்டரில் செய்த மாற்றங்களைச் சிவப்பில் எழுதி, "சிவப்பில் இருப்பதைப் பாருங்கள்" என்று அனுப்பினார். எங்கள் கம்ப்யூட்டரில் பிளெயின் டெக்ஸ்ட் மட்டும் காட்டும்படி வைத்திருந்தார்கள். எல்லாம் கறுப்பு. பழைய லைனிங், புதிய லைனிங் இரண்டும் ஒரே வரியில் இருக்க, பையன்கள் பழையதை வெட்டிவிட்டார்கள். யார் தப்பு என்று மூன்று நாள் மெயில் ஓடியது, அதுவும் கலர் கலராக.

தமிழ் ஒழுங்காக வர எச்டிஎம்எல் வேண்டும் என்கிறாய். அது அந்தக் காலம். ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தோம், நீ எழுதிய "வணக்கம்" எனக்குத் தொப்பி போட்ட இங்கிலீஷ் எழுத்தாக வரும். எழுத்துரு பெயரையும் சேர்த்து அனுப்ப எச்டிஎம்எல் உதவியது. அந்த எழுத்துரு என்னிடமும் இருந்தால்தான் அதுவும். இங்கிலீஷ் அல்லாத எழுத்தையும் மெயிலில் அனுப்ப வழி செய்த, 1992-ல் வந்த மைம் ஏற்பாடும், எல்லா மொழி எழுத்துக்கும் பொதுக் குறியீடு தந்து பின்னால் பரவிய யூனிகோடும்தான் நம் எழுத்தைக் காப்பாற்றின. இப்போது பிளெயின் டெக்ஸ்டிலேயே தமிழ் தங்கமாக வருகிறது.

அளவுப் பட்டியல் மாதிரி கட்டம் போட்டுக் காட்ட வேண்டியதற்கு எச்டிஎம்எல்தான் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஸ்பேஸ் தட்டித் தட்டித் தமிழில் பத்தி நேராக்க முயன்றால் தலைவலிதான் மிச்சம். அப்புறம், பல மெயில் மென்பொருள்கள் ஒரே உறைக்குள் இரண்டு பிரதியும் வைத்து அனுப்புகின்றன. முதலில் பிளெயின் டெக்ஸ்ட், அடுத்து எச்டிஎம்எல். வாங்குகிறவனின் கருவி தனக்கு முடிந்ததைக் காட்டும். ஆனால் விஷயத்தையே படமாக வைத்துவிட்டால் எந்தப் பிரதியும் உதவாது.

நீ அதைத்தான் செய்திருக்கிறாய். உன்னை நம்பிப் படத்தைத் திறந்தேன். பிள்ளையார் பளிச்சென்று இருக்கிறார், தேதியும் தெரிகிறது. முகூர்த்தம் ஆறரையா எட்டரையா என்றுதான் புரியவில்லை. எவ்வளவு பெரிதாக்கினாலும் பூச்சி மாதிரி இருக்கிறது. நேரத்தையும் மண்டபத்தின் பெயரையும் இரண்டே வரி எழுத்தில் அனுப்பு. கோயம்புத்தூருக்கு முதல்நாள் பகல் ரயிலா ராத்திரி ரயிலா என்று பார்த்து டிக்கெட் போட வேண்டும்.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்