உறைபனியில் ஸ்டார்ட் ஆகாத டீசல் வேனை கோயம்புத்தூர் வெயிலில் சோதித்தால் என்ன தெரியும்?

அனுப்புநர்:
பிக்கப் வேன் உரிமையாளர்,
கேத்தி பாலாடா, நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
தலைமை அலுவலகம்.

பொருள்: வாரண்டியில் உள்ள டீசல் பிக்கப் வேன் குளிர்காலத்தில் காலையில் ஸ்டார்ட் ஆகாதது, உங்கள் சர்வீஸ் சென்டர் அதைச் சரிசெய்யாமல் அலைக்கழிப்பது பற்றி.

ஐயா,

வணக்கம். ஷோரூம், சர்வீஸ் சென்டர், கட்டணமில்லா எண் என்று மாறி மாறி அலைந்து, எங்கேயும் ஒரு பதில் கிடைக்காததால்தான் நேரடியாக உங்களுக்கு எழுதுகிறேன். வண்டியின் சேஸிஸ் எண், பில், ஜாப் கார்டு நகல்கள் எல்லாம் இணைத்திருக்கிறேன். வண்டி உங்களுடையது. அதைப் பற்றி நான் உங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் உங்கள் சர்வீஸ் ஆட்கள் நடந்துகொள்வதைப் பார்த்தால் சில விஷயங்களை எழுதித்தான் ஆக வேண்டியிருக்கிறது.

வண்டியைச் சித்திரையில் எடுத்தேன். வெயில் காலம், மழைக் காலம் இரண்டிலும் ஒரு குறையும் இல்லை. கார்த்திகை பிறந்து நீர்ப்பனி இறங்கத் தொடங்கியதும் ஆரம்பித்தது. மார்கழியில் உறைபனி விழுந்த பிறகு, காலையில் தானாக ஸ்டார்ட் ஆன நாளே கிடையாது. நான் கேரட் லோடு அடிப்பவன். ராத்திரியில் கேரட்டைக் கழுவி மூட்டை பிடித்து ஏற்றினால், விடிவதற்குள் மேட்டுப்பாளையம் மண்டியில் இறக்கியாக வேண்டும். அதிகாலை மூன்று, நான்கு மணிக்கு வண்டி எடுக்க வேண்டும். தலைகுந்தா, காந்தள் பக்கமெல்லாம் புல் வெள்ளையாகக் கிடக்கும் நாட்களில் எங்கள் பள்ளத்தாக்கிலும் குளிர் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் இருக்கும். அந்த நேரத்தில் சாவியைத் திருப்பினால் மீட்டர் போர்டில் ஹீட்டர் பிளக்குக்கான, சுருள் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்து அணைகிறது. செல்ஃப் சுற்றுகிறது. சைலன்சரில் வெள்ளைப் புகை வருகிறது. இன்ஜின் மட்டும் பிடிப்பதில்லை. விட்டு விட்டு அடித்துக்கொண்டே இருந்தால் பேட்டரியும் இறங்கிவிடுகிறது. ராத்திரியே வண்டியை இறக்கத்தைப் பார்த்து நிறுத்திவைத்து, காலையில் லோடோடு உருட்டி, கியரில் போட்டு எடுக்கிற நிலைமையில் இருக்கிறேன். அப்படி எடுத்தாலும் முதல் சில நிமிடங்கள் இரண்டு சிலிண்டரில் ஓடுகிற மாதிரி உடம்பே அதிர்கிறது, புகையில் கண் எரிகிறது. வெயில் ஏறி பத்து மணிக்கு மேல் சாவியைத் தொட்டால் போதும், ஒரே அடியில் ஸ்டார்ட் ஆகிவிடுகிறது.

டீசல் இன்ஜினில் தீப்பொறி பிளக் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். காற்றை அழுத்தி, அந்தச் சூட்டில்தான் டீசல் பற்ற வேண்டும். ராத்திரி முழுக்கப் பனியில் கிடந்த இரும்பு அந்தச் சூட்டை உறிஞ்சிவிடும். அதோடு எங்கள் ஊர் கடல் மட்டத்துக்கு 2,000 மீட்டருக்கு மேல் இருக்கிறது, காற்றே லேசு. பேட்டரியும் குளிரில் முழு பலம் தராது. இதற்காகத்தானே சிலிண்டரை முன்கூட்டியே சூடேற்ற நீங்களே ஹீட்டர் பிளக் வைத்துக் கொடுத்திருக்கிறீர்கள்? அப்படியென்றால் குளிரில் ஸ்டார்ட் ஆகாத வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது அந்த பிளக், அதற்குக் கரண்ட் கொடுக்கிற ரிலே, பேட்டரி, குளிர்ச்சி நீரின் சூட்டைச் சொல்கிற சென்சார். இந்த நான்கையும் சேர்த்துப் பார்த்ததாக ஒரு ஜாப் கார்டிலும் எழுதப்படவில்லை.

உங்கள் சர்வீஸ் சென்டர் செய்தது இதுதான். வண்டியைக் கோயம்புத்தூருக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். கொண்டுபோனேன். பர்லியாறு தாண்டி, கல்லாறு இறங்கி, மேட்டுப்பாளையம் வழியாக ஓட்டிப்போன வண்டி, இன்ஜின் கொதிக்கக் கொதிக்க உள்ளே நுழைகிறது. மத்தியான வெயிலில் சாவியைப் போட்டார்கள், ஸ்டார்ட் ஆனது. "நல்லாத்தானே இருக்கு?" என்றார்கள். ஜாப் கார்டில் 'குறை எதுவும் காணப்படவில்லை' என்று எழுதி, வாட்டர் வாஷ் பண்ணிக் கொடுத்தார்கள். சூடான இன்ஜினில் ஹீட்டர் பிளக்குக்கு வேலையே இல்லை. அது செத்துக் கிடந்தாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும். ராத்திரி வண்டியை ஊட்டியிலோ குன்னூரிலோ வெளியில் நிறுத்திவைத்துக் காலையில் பாருங்கள் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டேன். "அதுக்கெல்லாம் எங்ககிட்ட ஆள் இல்லைங்க" என்று முடித்துவிட்டார்கள். அன்று ஒரு நாள் லோடும் போனது, டீசலும் போனது, மலை ஏறி வீடு வந்து சேர ராத்திரி ஆகிவிட்டது. மறுநாள் காலையில் பழைய கதைதான், ஸ்டார்ட் ஆகவில்லை. இதே போக்குவரத்து மறுபடியும் மறுபடியும் நடந்தது.

அங்கே முன்பக்க கவுண்டரில் உட்கார்ந்திருக்கிற சர்வீஸ் அட்வைசர் பேசியதை உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். பெயர் வேண்டாம், ஜாப் கார்டில் கையெழுத்து இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். நான் நடந்ததையெல்லாம் விளக்கிச் சொல்லி முடித்ததும் அவர் கம்ப்யூட்டரிலிருந்து முகத்தை எடுக்காமலே, "குளிருதுன்னா ராத்திரில ஒரு கம்பளி எடுத்துப் போத்தி விடுங்க" என்றார். பக்கத்தில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு வயது ஐம்பதுக்கு மேல். கடன் வாங்கி முன்பணம் கட்டி, மாதா மாதம் தவணை கட்டுகிற வண்டி. அந்த வண்டியின் குறையைச் சொல்ல வந்தவனைப் பார்த்துச் சிரிப்பதற்கா அங்கே ஆள் போட்டிருக்கிறீர்கள்? வண்டி வாங்குவதற்கு முன் இதே கட்டடத்தில் "வாங்க அண்ணா, உட்காருங்க அண்ணா, டீ சாப்பிடுங்க" என்றார்கள். "மலைக்கு நல்ல வண்டி, ஊட்டி பார்ட்டிங்க நிறைய பேர் எடுத்திருக்காங்க" என்று சொன்னதும் உங்கள் ஆட்கள்தான்.

சரி, அவர் சொன்ன யோசனையாவது உருப்படியா என்றால் அதுவும் இல்லை. "தினமும் அரை மணி நேரம் ஐட்லிங்ல ஓட விட்டுட்டு அப்புறம் எடுங்க" என்றார். அவர் பேச்சை நம்பிச் செய்தேன். கொஞ்ச நாளில் டிபிஎஃப், அதாவது புகையில் வரும் கரியைப் பிடிக்கிற ஃபில்டரின் விளக்கு எரிந்தது. ஒரு நாள் மண்டியிலிருந்து திரும்பி வரும்போது பர்லியாறு தாண்டிய ஏற்றத்தில் வண்டி இழுவையே இல்லாமல் ஊர்ந்தது, பின்னால் வந்த பஸ், கார் எல்லாம் வரிசை கட்டி ஹாரன் அடித்தார்கள். மறுபடி கோயம்புத்தூர். அங்கே லேப்டாப்பை மாட்டி ஃபில்டரைச் சுத்தம் பண்ணிவிட்டு பில் கையில் கொடுத்தார்கள். "நீங்க ரொம்ப நேரம் ஐட்லிங்ல விடுறீங்க சார், அதான் கரி அடைக்குது, வாரண்டில வராது" என்றார்கள். விடச் சொன்னது யார்? நீங்கள் வண்டியோடு கொடுத்த கையேட்டிலேயே, ஸ்டார்ட் ஆனதும் கொஞ்ச நேரம் மட்டும் ஓடியபடி நிற்கவிட்டு, அதிகம் முடுக்காமல் மெதுவாக ஓட்டிச் சூடேற்ற வேண்டும், நெடுநேரம் ஐட்லிங்கில் விடக்கூடாது என்று அச்சடித்திருக்கிறது. டீசல் வண்டி ஐட்லிங்கில் லேசில் சூடாகாது. ஃபில்டரில் உள்ள கரி எரிய வேண்டுமென்றால் கிட்டத்தட்ட 600 டிகிரி சூடு வேண்டும், நின்றுகொண்டிருக்கிற வண்டியில் அது எங்கிருந்து வரும்? உங்கள் கையேட்டை உங்கள் ஆட்களே படிப்பதில்லை, அதற்கு நான் பணம் கட்ட வேண்டுமா?

கட்டணமில்லா எண்ணில் பேசினால் அங்கே வேறு கதை. ஒருவர் டீசல் உறைந்துவிட்டது என்றார். லடாக்கில் விற்கிற குளிர்கால டீசல் போடச் சொன்னார். அந்த டீசல் 2019ல் லடாக்குக்கென்று கொண்டுவந்தது, மைனஸ் 33 டிகிரி வரை உறையாமல் இருப்பதற்காக. இது நீலகிரி, எந்த பங்க்கில் போய் நான் அதைக் கேட்பது? நான் டீசல் போடுகிற அதே பங்க்கில்தான் எங்கள் ஊர் வண்டிகள் எல்லாம் போடுகின்றன. பக்கத்து வீட்டுக்காரரின் பத்து வருடப் பழைய வேன், அதே டீசலில், அதே குளிரில், சாவியைப் போட்டுச் சற்றுப் பொறுத்து அடித்தால் எடுத்துக்கொள்கிறது. டீசல் மெழுகு கட்டி ஃபில்டரை அடைத்திருந்தால் வண்டி ஸ்டார்ட் ஆகிக் கொஞ்ச தூரம் போய் நிற்க வேண்டும். என் வண்டியில் வெள்ளைப் புகை வருகிறது. டீசல் உள்ளே போகிறது, பற்றவில்லை, அப்படியே ஆவியாக வெளியே வருகிறது என்பதுதானே அதற்கு அர்த்தம்? லாரி ஷெட்டில் கைவேலை பார்க்கிற பையனுக்குத் தெரிகிறது, உங்கள் கால் சென்டருக்குத் தெரியவில்லை.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. எங்கள் ஊர் மெக்கானிக் ஒருவர், பிளக்கைக் கழற்றாமல், ஒயரை மட்டும் உருவிவிட்டு, பிளக் தலையில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தார். நல்ல ஹீட்டர் பிளக் என்றால் ஒரு ஓமுக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். நான்கில் இரண்டு அப்படிக் காட்டின, மற்ற இரண்டில் முள் அசையவே இல்லை. அதாவது உள்ளே கம்பி அறுந்துவிட்டது. அதைப் புகைப்படம் எடுத்து சர்வீஸ் சென்டருக்கு அனுப்பினேன். உடனே வந்த பதில் என்ன தெரியுமா? "வெளி ஆள் கை வெச்சா வாரண்டி போயிடும்." அவர் திருகாணி கூடத் திருகவில்லை! நானே மாற்றிக்கொள்கிறேன் என்றாலும் பயம். இறுகிப்போன பிளக்கைக் குளிர்ந்த இன்ஜினில் பலமாகத் திருகினால் ஹெட்டுக்குள்ளேயே முறிந்துபோகும், அப்புறம் ஹெட்டையே இறக்க வேண்டும். அந்தச் செலவையும் என் தலையில் கட்டுவீர்கள். நீங்களும் பார்க்கமாட்டீர்கள், அடுத்தவனையும் பார்க்க விடமாட்டீர்கள் என்றால் நான் வண்டியை என்னதான் செய்வது?

கம்ப்யூட்டரில் எரர் கோட் எதுவும் வரவில்லை என்றும் சர்வீஸ் சென்டரில் சொல்கிறார்கள். அது ஒரு காரணமா? மீட்டர் காட்டுகிறதே.

இதில் உயிர் விஷயமும் இருக்கிறது. சூடாகாத இன்ஜினோடு முழு லோடில் மலை இறங்குகிறேன். இறக்கத்தில் இன்ஜினுக்கு வேலை குறைவு, அதனால் குன்னூர் தாண்டியும் சூடு ஏறுவதில்லை. கொண்டை ஊசி வளைவில் கிளட்சை மிதித்த நேரத்தில் இன்ஜின் அணைந்தால் ஸ்டீயரிங் கல்லாகிவிடும், பிரேக் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் பேசும். ஒரு தடவை அப்படி அணைந்தது. அன்று ஏதாவது ஆகியிருந்தால் என் வீட்டில் வந்து கம்பளி போத்தச் சொல்லுவாரா அந்த அட்வைசர்?

நஷ்டத்தைச் சொல்ல ஆரம்பித்தால் முடியாது. கேரட் மண்டிக்கு நேரத்துக்குப் போனால்தான் விலை. ஏலம் முடிந்து போகிற மூட்டையைக் கேட்பாரில்லை. என்னை நம்பி வருடக்கணக்காக லோடு கொடுத்த விவசாயிகள் வேறு வண்டி பார்த்துக்கொண்டார்கள். இந்த ஒரு குளிர்காலத்தில் என் இருபது வருடத் தொழிலே போய்விட்டது என்று சொல்வேன். லட்சக்கணக்கில் இழந்திருக்கிறேன். தவணை மட்டும் தேதி தவறாமல் கணக்கிலிருந்து போகிறது.

நான் சண்டைக்கு வரவில்லை. வண்டி நன்றாக ஓடினால் எனக்கு அது போதும். ஆனால் இன்னொரு விஷயம். இது வணிக வாகனம், நுகர்வோர் சட்டம் எனக்குப் பொருந்தாது என்று ஷோரூமில் ஒருவர் சொன்னார். சொந்தமாக ஓட்டி அதில் பிழைப்பு நடத்துகிறவனும் நுகர்வோர்தான் என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 தெளிவாகச் சொல்கிறது. உங்கள் அலுவலகம் எங்கே இருந்தாலும் நான் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. ஊட்டியில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் எனக்குத் தெரியும். படிக்காத டிரைவர், சத்தம் போட்டுவிட்டுப் போய்விடுவான் என்று நினைத்திருந்தால் அந்த நினைப்பை விட்டுவிடுங்கள்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. உங்கள் டெக்னீஷியன் ஒருவர் இங்கே வரட்டும். வண்டி ராத்திரி முழுக்கப் பனியில் நிற்கட்டும். காலை நான்கு மணிக்கு, இன்ஜினைத் தொடுவதற்கு முன்னால், நான்கு பிளக்கையும், ரிலேயையும், சென்சாரையும் அளந்து பார்க்கட்டும், செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி எவ்வளவு இறங்குகிறது என்றும் பார்க்கட்டும். தங்க இடமும் சாப்பாடும் எங்கள் வீட்டில் தருகிறேன், அதில் குறை வைக்க மாட்டேன். அறுந்த பிளக்குகளை வாரண்டியில் மாற்றிக் கொடுங்கள். அறுந்தது இரண்டு மட்டும் இல்லாமல் நான்கையும் மாற்றினால் நல்லது, மற்ற இரண்டும் எத்தனை நாள் தாங்கும் என்று யாருக்கும் தெரியாது. டிபிஎஃப் சுத்தம் பண்ணியதற்கு வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுங்கள், அது உங்கள் ஆள் சொன்ன யோசனையால் வந்த செலவு. அந்த அட்வைசர் எனக்குப் போன் பண்ணி மன்னிப்புக் கேட்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது" என்ற எஸ்எம்எஸ் வேண்டாம், அது என் போனில் ஏற்கெனவே நிறைய இருக்கிறது. பதில் வராவிட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும், அதன் பிறகு ஆணையத்தில் பேசிக்கொள்ளலாம். தை முடிவதற்குள் ஆள் அனுப்புங்கள். மாசியில் வெயில் ஏறிய பிறகு வந்து பார்த்துவிட்டு, வண்டி நன்றாக இருக்கிறது என்று இன்னொரு ஜாப் கார்டு எழுதுவதை நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: வண்டி பில், ஜாப் கார்டு நகல்கள், டிபிஎஃப் பில், மல்டிமீட்டர் புகைப்படங்கள், அதிகாலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் வெள்ளைப் புகை வரும் வீடியோ அடங்கிய பென் டிரைவ்.