கொறங்காட்டுக் கொழுக்கட்டைப் புல்லை அடங்கலில் பயிராக ஏற்றக் கோரி மனு

அனுப்புநர்:
கொறங்காடு வைத்திருக்கும் மானாவாரி விவசாயிகள்,
தாராபுரம், காங்கயம் வட்டாரம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
திருப்பூர் மாவட்டம்.

பொருள்: பட்டா நிலத்தில் வளர்க்கும் கொழுக்கட்டைப் புல்லைத் 'தரிசு' என்று எழுதாமல் தீவனப் பயிராகப் பதிவு செய்வது, நாட்டு விதைக்கு வழி செய்வது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

நேரடியாக விஷயத்துக்கு வருகிறோம். மேய்ச்சலுக்கென்று ஒதுக்கி வைத்த பட்டா நிலமான எங்கள் கொறங்காடுகளை, எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதும் கிராமக் கணக்கான அடங்கலில், ஃபசலிக்கு ஃபசலி, அதாவது வருவாய் ஆண்டுதோறும், தரிசு என்றே எழுதி வருகிறார்கள். அந்தக் காட்டில் புல் இருக்கிறது, அந்தப் புல்லை நம்பி மாடு இருக்கிறது, மாட்டை நம்பி வீடு இருக்கிறது, ஆனால் கிராமக் கணக்கு எண் 2 என்கிற அந்த அடங்கலில் பயிர் என்ற கட்டத்தில் ஒன்றும் இல்லை. கேட்டால், "நீங்கள் ஒன்றும் விதைக்கவில்லையே, புல் தானாக முளைக்கிறதுதானே" என்கிறார்கள். தானாக முளைக்கவில்லை என்பதைச் சொல்லத்தான் இந்த மனு. கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் வெளியூரிலிருந்து வந்தவராக இருந்தால், காங்கயம், வெள்ளகோவில், மூலனூர், குண்டடம் பக்கம் காரில் போகும்போது இரண்டு பக்கமும் முள்வேலி போட்ட வெறும் காடு மாதிரி ஒன்று தெரிந்திருக்கும். கோடையில் பார்த்தால் யாருக்குமே அப்படித்தான் தோன்றும். அதுதான் கொறங்காடு. சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி, உள்ளே அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்வேல மரம், தரையில் கொழுக்கட்டைப் புல். மேய்ச்சல் புறம்போக்கு வேறு, இது வேறு. இது அவரவர் பட்டா நிலம், அப்பன் பாட்டன் காலத்திலிருந்து மேய்ச்சலுக்கென்றே ஒதுக்கி வைத்தது. காங்கயம் காளை என்று நாடே பேசுகிறதே, 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின்போது ஊர் ஊராகப் படம் போட்டுக் கொண்டாடினார்களே, அந்த இனம் வளர்ந்தது இந்தப் புல்லில்தான். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்தின் காங்கயம் மாட்டு மந்தை பேர்பெற்றதற்கும், கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு வெளி மாவட்டத்துக்காரர்கள் வண்டி பிடித்து வருவதற்கும் அடியில் இருப்பது இந்தப் புல்தான். மாட்டுக்குப் பரிசு கொடுக்கிறோம், புல்லைத் தரிசு என்கிறோம்.

இப்போது, இந்தப் புல்லை எப்படி வளர்க்கிறோம் என்று சொல்கிறோம். இதைப் படித்துவிட்டு இது பயிரா இல்லையா என்று நீங்களே சொல்லுங்கள்.

விதை சேர்ப்பதிலிருந்தே வேலை ஆரம்பம். கொழுக்கட்டைப் புல்லின் கதிர் குட்டை நரிவால் மாதிரி சொரசொரப்பாக இருக்கும். எல்லாக் கதிரும் ஒரே நாளில் முற்றாது. வெயில் ஏறுவதற்குள் காட்டுக்குள் போய் கதிரைக் கையால் உருவினால், முற்றினது உதிர்ந்து கையோடு வரும், பச்சை வராது. அதனால் ஒரே குத்துக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும். உருவிய விதையை நிழலில் காயவைத்துச் சாக்கில் கட்டி வைப்போம். அந்த ஆண்டு விதையை அந்த ஆண்டே போட்டால் சரியாக முளைக்காது, சில மாதம் உறங்கி எழ வேண்டிய விதை அது. போன ஆண்டு விதைதான் நம்பகம்.

விதைப்பதும் லேசு இல்லை. ஒவ்வொரு விதையையும் சுற்றிப் பஞ்சு மாதிரி முடி இருக்கும், ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும், காற்றடித்தால் பக்கத்துக் காட்டுக்குப் போய்விடும். ஈர மணலில் பிசறித்தான் வீச வேண்டும். ஆடியிலோ புரட்டாசியிலோ மழை விழுந்து மண் நனைந்ததும், மேலாக உழுது, விதையை வீசி, வேலமரக் கிளை ஒன்றை வெட்டி முள்ளோடு இழுத்துவிடுவோம். ஆழமாக மூடினால் அவ்வளவுதான், வெளியே வராது. விதை மண்ணுக்குள் போனதா போகவில்லையா என்கிற அளவில் மூடினால் போதும். சிலர் முதல் ஆண்டு சோளமோ கொள்ளோ கலந்து விதைப்பார்கள், புல் பிடிக்கிறவரை கைச்செலவுக்கு ஆகும். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் கோ 1 என்று நீலக் கொழுக்கட்டைப் புல்லில் ஒரு ரகமே வெளியிட்டு, விதை அளவு, இடைவெளி, உர அளவு எல்லாம் போட்டு வைத்திருக்கிறது. பல்கலைக்கழகம் ரகம் வெளியிட்ட ஒன்று கிராமக் கணக்கில் மட்டும் எப்படித் தரிசாகும் என்பது எங்களுக்குப் புரியவில்லை.

முளைத்த பிறகுதான் பொறுமை வேண்டும். முதல் பருவத்தில் மாட்டை உள்ளே விடக் கூடாது. ஒரு குத்தைக் கையில் பிடித்து இழுத்துப் பார்ப்போம், வேரோடு வந்தால் இன்னும் நாளாகவில்லை, இலை மட்டும் அறுந்து வந்தால் மேயவிடலாம். ஒருமுறை பிடித்துவிட்டால் ஆள் உயரத்துக்கும் மேல் வேர் கீழே போகும். நாலு மாதம் மழை இல்லாமல் கருகிக் கிடந்தாலும், ஒரு நல்ல மழை விழுந்த சில நாளில் அடித்தூரிலிருந்து பச்சை கிளம்பும். ஆனால் அதற்கு அந்த அடித்தூர் மிச்சம் இருக்க வேண்டும். நான்கு விரல் உயரத்துக்குக் கீழே மேயவிட்டால் அடுத்த மழைக்குப் புல் இருக்காது, பார்த்தீனியம்தான் இருக்கும். அதனால்தான் காட்டைத் துண்டு துண்டாக வேலி போட்டு வைத்திருக்கிறோம். ஒரு துண்டில் மாடு மேய்ந்து முடித்தால் படலைச் சாத்திவிட்டு அடுத்ததைத் திறப்போம், மாடு விட்டதை அப்புறம் செம்மறி மேயும், பிறகு அந்தத் துண்டு சும்மா கிடக்கும். வருஷத்தில் ஒருமுறையாவது விதை உதிர விட வேண்டும். புல்லுக்கு நடுவே நரிப்பயறு படர்ந்திருந்தால் அதைப் பிடுங்குவதில்லை, மாட்டுக்கும் நல்லது, மண்ணுக்கும் நல்லது. சில ஆண்டுக்கு ஒருமுறை புல் நெருங்கி வலுக் குறைந்தால் உழுதுவிட்டு மறுபடி விதைப்போம்.

வேலி ஒரு தனி வேலை. மழைக்கு முன்னால் கிளுவைப் போத்து, அதாவது நடுவதற்கான கிளை, வெட்டி நட வேண்டும், பட்டுப்போன இடத்தில் சொருக வேண்டும், ஓங்கி வளர்ந்ததை வெட்டிக் குறைக்க வேண்டும். வெள்வேல மரத்தைக் கவாத்து செய்து விடுவோம், நிழல் அதிகமானால் அடியில் புல் சோரும். சித்திரை, வைகாசியில் புல் தீர்ந்த நேரத்தில் அந்த மரத்துக் காய்தான் ஆட்டையும் மாட்டையும் தாங்கும். கிணறு இல்லாமல், மோட்டார் இல்லாமல், மூட்டை யூரியா இல்லாமல் நடக்கிற விவசாயம் இது. இலவச மின்சாரம் கூட இதற்கு நாங்கள் கேட்டதில்லை.

சரி, தரிசு என்று எழுதுவதால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். மழை பொய்த்த ஆண்டில் பயிருக்கு நிவாரணம் வந்தால், பக்கத்துக் காட்டுச் சோளத்துக்குக் கிடைக்கும், எங்களுக்குக் கிடையாது, ஏனென்றால் கணக்குப்படி எங்களிடம் கருகுவதற்குப் பயிரே இல்லை. தீவனம் விலைக்கு வாங்கி மாட்டைக் காப்பாற்ற முடியாதவர்கள் மாட்டை விற்கிறார்கள். மாடு போனால் காட்டை வைத்து என்ன செய்வது, காடும் போகிறது. இன்னொன்று, சோலார் பேனல் போட நிலம் தேடி வருகிறவர்கள் கையில் வைத்திருப்பது இதே கணக்கைத்தான். "தரிசுதானே, விளையாத நிலம்தானே" என்று விலையையும் குறைத்துக் கேட்கிறார்கள், உயிர்வேலியையும் மரத்தையும் பொக்லைன் வைத்து ஒரே நாளில் வழித்துவிடுகிறார்கள். சூரிய மின்சாரம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. தன் நிலத்தை விற்பது அவரவர் உரிமை, அதிலும் தலையிடவில்லை. ஆனால் மேய்ச்சல் நிலம் அழிகிறது என்பதாவது அரசுக் கணக்கில் தெரிய வேண்டாமா? இன்றைய கணக்குப்படி தரிசு நிலம் பயனுக்கு வந்தது என்றுதான் பதிவாகும்.

சீமைக்கருவேலத்தை அகற்றுகிற வேலையிலும் இதே குழப்பம்தான். எந்திரம் ஓட்டுகிற தம்பிக்கு முள் இருந்தால் எல்லாம் ஒன்று. வெள்வேலின் வெளுத்த பட்டையைக் காட்டி, இது வேறு மரம் என்று சொல்ல அங்கே ஆள் இருப்பதில்லை.

தீவனத் திட்டங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. எப்போது தீவன வளர்ப்பு என்று கேட்டாலும் தண்ணீர் பாய்ச்சி வளர்க்கும் கம்பு நேப்பியர் என்ற தீவனப் புல்லின் கரணைதான் முதலில் வருகிறது. நல்ல தீவனம், தண்ணீர் இருப்பவர்கள் வாங்கி நடட்டும். ஆனால் போர் போட்டால் புகை மட்டும் வருகிற ஊரில் அந்தக் கரணையை வாங்கி என்ன செய்ய? இந்த மண்ணுக்கு இந்த மழையே போதும் என்கிற புல் இங்கேயே இருக்கிறது, அதற்கு விதை கேட்டால் கிடைப்பதில்லை. கடையில் வாங்கினால் பதர்தான் பாதி. இதே புல் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவின் அரிசோனாவிலும் மேய்ச்சலுக்கென்று கொண்டுபோகப்பட்டு, இப்போது காடெல்லாம் பரவி அவர்களுக்குப் பெரிய தலைவலியாகிவிட்டது. அங்கே அது வந்தேறி. இங்கே நம் மண்ணின் புல், நாம்தான் தொலைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே ஐயா, அம்மா, யாராக இருந்தாலும், எங்கள் கோரிக்கை இவைதான். அடுத்த அடங்கல் எழுதும்போது, கொறங்காட்டை நேரில் பார்த்து, புல் இருக்கிற இடத்தில் 'கொழுக்கட்டைப் புல், மானாவாரித் தீவனப் பயிர்' என்று எழுதக் கிராம நிர்வாக அலுவலர்களுக்கு உத்தரவிட வேண்டும். கணினியில் அப்படி ஒரு பயிர்ப் பெயரே இல்லை என்று சொல்வார்கள், இல்லையென்றால் சேர்க்கச் சொல்லிச் சென்னைக்கு எழுத வேண்டும். இது உங்கள் ஒரு கையெழுத்தில் முடிகிற காரியமா, மேலே போக வேண்டியதா என்பது உங்களுக்குத்தான் தெரியும், எதுவானாலும் இங்கிருந்துதான் அது கிளம்ப வேண்டும். வறட்சிக் கணக்கெடுப்பு நடந்தால் புல் கருகியதையும் சேர்த்து எழுத வேண்டும்.

விதைக்கு ஒரு வழி சொல்கிறோம். கதிர் உருவத் தெரிந்த பெண்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். மகளிர் குழுக்கள் மூலம் உள்ளூர் விதையைச் சேர்த்து, கால்நடை பராமரிப்புத் துறை முளைப்புத் திறன் பார்த்து வாங்கி, மறு ஆண்டு ஆடிக்கு முன்னால் கேட்பவர்களுக்குக் கொடுத்தால் போதும், வெளியிலிருந்து ஒன்றும் கொண்டுவர வேண்டியதில்லை. ஊரக வேலைத் திட்டத்தில் கிளுவைப் போத்து நடுவதையும் சேர்க்க முடியுமா என்று பாருங்கள், வேலி போன காடுகளை அப்படித்தான் மீட்க முடியும். சீமைக்கருவேலம் அகற்ற எந்திரம் இறங்குவதற்கு முன்னால், வெள்வேல மரங்களுக்கு உள்ளூர் ஆளை வைத்துச் சுண்ணாம்பு அடையாளம் போட வேண்டும்.

விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் இதைப் பேச எங்களுக்கு நேரம் ஒதுக்கினால் வருகிறோம். அதைவிட, ஐப்பசி மழை விழுந்து பத்துப் பதினைந்து நாள் கழித்து, வருவாய்த் துறை அலுவலர்களையும் கூட்டிக்கொண்டு நீங்களே ஒருமுறை காட்டுக்கு வந்தால் நல்லது. பட்டா, அடங்கல் நகல்களையும் காட்டின் படங்களையும் இத்துடன் இணைத்துள்ளோம். எங்கள் மனு மீது எடுக்கும் நடவடிக்கையை எழுத்துமூலம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கொறங்காடு விவசாயிகள்
(கையொப்பங்கள் தனித்தாளில்)