பேத்தியின் நாட்டிய வகுப்பு

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாலு வயதில் நாட்டிய வகுப்பா, அதற்குள் என்ன அவசரம் என்று மாப்பிள்ளை கேட்பதாக எழுதியிருக்கிறாய். அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் தாராளமாகச் சேர்த்துவிடு. மேடையை மனதில் வைத்துச் சேர்ப்பதாக இருந்தால் மட்டும் இன்னும் சில வருடம் பொறுத்திரு. இந்த வயதில் அவள் வகுப்புக்குப் போக வேண்டியது தன் உடம்போடு பழகுவதற்கு.

ஒற்றைக்காலில் குதிப்பதே பிள்ளைகளுக்கு நாலு வயதை ஒட்டித்தான் கைகூடும். கால் மாற்றி மாற்றித் துள்ளிக்கொண்டு போக இன்னும் ஒன்றிரண்டு வருடம் பிடிக்கும். வலது கையை இடது தோளுக்குக் கொண்டுபோவதுகூட அவர்களுக்கு ஒரு பாடம்தான். சுற்றும்போது காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு பழகுகிறது. குதித்து இறங்க இறங்க எலும்பு உறுதிப்படுகிறது. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் நாளுக்கு 180 நிமிடமாவது ஓடியாட வேண்டும், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லியிருக்கிறது. வாரத்துக்கு ஒரு வகுப்பு அதற்குப் போதாது. ஆனால் அங்கே கற்ற ஒரே ஒரு அடியை வீடு முழுக்க ஆடிக்கொண்டே திரிவாள், பார்.

பாலர் வகுப்பில் இத்தனை காலம் பிள்ளைகளோடு இருந்தவள் என்பதால் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். ஆடுவதைவிட, ஆட்டத்தை நிறுத்துவதுதான் அவர்களுக்குக் கடினம். பாட்டு நின்றதும் சிலையாக நிற்கும் விளையாட்டை நீ பார்த்திருப்பாய். தூக்கிய கால் அந்தரத்தில் நிற்கும், உதட்டை இறுக மூடியிருப்பார்கள், வயிறு மட்டும் நடுங்கும், கண் பக்கத்துப் பிள்ளையை நோட்டம் விடும். உள்ளே எத்தனை பெரிய வேலை நடக்கிறது! காதால் கேட்டு, மனதால் பிடித்து, உடம்பை அடக்க வேண்டும். தன் முறை வரும்வரை காத்திருப்பதும், அடுத்தவள் காலை மிதிக்காமல் இடம் விட்டு நிற்பதும் அதோடு சேர்ந்தே வரும். இதையெல்லாம் உட்காரவைத்து வாயால் சொல்லிக் கொடுத்துவிட முடியாது.

தாளமும் அப்படித்தான். பரதநாட்டியத்தில் முதலில் கற்கும் அடியான தட்டடவை முதல் காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில், ஆடிவிட்டு, அதையே இரண்டாம் காலத்தில் இரட்டை வேகத்தில் ஆடும்போது, பெருக்கல் என்றால் என்னவென்று தெரியாமலே கால் அதைச் செய்துவிடுகிறது. அது பின்னால், அவள் கொஞ்சம் வளர்ந்த பிறகு. இப்போதைக்குக் கை தட்டி நடந்தாலே போதும்.

எந்த நாட்டியம் என்று அதிகம் யோசிக்காதே. சொல்லிக் கொடுப்பவரைப் பார். முதல் நாள் வகுப்பில் ஓரமாக உட்கார்ந்து, ஆடாமல் மூலையில் நிற்கும் பிள்ளையை அவர் எப்படி நடத்துகிறார் என்று கவனி. இழுத்து நடுவில் நிறுத்தினால் வேறு இடம் தேடு. பார்த்துக்கொண்டே நிற்கும் பிள்ளையும் கற்றுக்கொண்டுதான் இருக்கும். பல நேரம் வீட்டுக் கண்ணாடி முன்னால்தான் அது வெளிவரும். பிள்ளையின் காலை அகட்டி மேலிருந்து அழுத்துகிறவர், குண்டு ஒல்லி என்று பேசுகிறவர் யாரானாலும் வேண்டவே வேண்டாம். வளரும் எலும்பின் முனைகள் இன்னும் மென்மையாக இருக்கும் வயது இது. மேற்கத்திய நடனமான பாலேயில் கால்விரல் நுனியில் நிற்கும் காலணியைக்கூடப் பதினொன்று, பன்னிரண்டு வயதுக்கு முன்னால் பொதுவாகக் கொடுப்பதில்லை. தரையையும் பார்த்துக்கொள், வெறும் சிமெண்ட் தரையைவிட மரத்தரை நல்லது. அரை மணி, மிஞ்சினால் முக்கால் மணி, அதற்கு மேல் இந்த வயதுக்குத் தாங்காது.

ஒரு நாள் போகமாட்டேன் என்று அழுதால் காரணம் கேள். தூக்கமா, பயமா, வேறு ஏதாவதா என்று பார்த்து முடிவெடு. தொடர்ந்து அழுதால் நிறுத்திவிடு, அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, இதை மாப்பிள்ளையிடமும் சொல். வீட்டுக்கு யார் வந்தாலும் அவளை நடுக்கூடத்தில் நிறுத்தி ஆடிக் காட்டச் சொல்லாதீர்கள். தானாக ஆடினால் கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டு நீங்களும் எழுந்து கூட ஆடுங்கள்.

எங்கே சேர்த்தாய் என்று எழுது.

அன்புடன்,
அம்மா