தீபாவளி மெயில் அனுப்பும் கடைகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டு ஜவுளிக்கடை, நகைக்கடை, பாத்திரக்கடை, ஸ்வீட் கடை முதலாளிகளுக்கும், அவர்களுக்காக உட்கார்ந்து பண்டிகை மெயில் எழுதும் மார்க்கெட்டிங் ஆட்களுக்கும் வணக்கம்.

பில் போடும்போது போன் நம்பரோடு மெயில் ஐடியும் கேட்டீர்கள், கொடுத்தோம். அதிலிருந்து ஆடிக்கு ஒரு மெயில், ஆயுத பூஜைக்கு ஒரு மெயில், தீபாவளி நெருங்கினால் காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. எல்லாவற்றிலும் மேலே ஒரு படம், நடுவில் கொட்டை எழுத்தில் சதவீதம், கீழே 'இப்போதே வாங்குங்கள்' என்று ஒரு பட்டன். படத்தில் இருக்கும் அகல் விளக்கை எடுத்துவிட்டு கிறிஸ்துமஸ் மரத்தை வைத்தால் டிசம்பர் மெயில் ரெடி. இதற்கு ஏஜென்சிக்கு வேறு மாதாமாதம் பணம் கட்டுகிறீர்கள்.

அந்த அகல் விளக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வடக்கே தீபாவளி என்றால் சாயங்காலம் லட்சுமி பூஜை, வாசலெல்லாம் வரிசையாக விளக்கு. நமக்கு அது விடியற்காலை எண்ணெய்க் குளியல், தீபாவளி லேகியம், மஞ்சள் தடவிய புதுத்துணி, 'கங்கா ஸ்நானம் ஆச்சா' என்கிற விசாரிப்பு. விளக்கு வரிசை நம் ஊரில் கார்த்திகைக்கு உரியது. ஆனாலும் மதுரைக் கடையிலிருந்து வரும் மெயிலில்கூட ரங்கோலிப் பொடியும் வடக்கத்திய தந்தேரஸ் பண்டிகை வாழ்த்தும்தான் இருக்கின்றன, ஏனென்றால் டெம்ப்ளேட் எங்கிருந்தோ வாங்கியது. நல்லெண்ணெய்க் கிண்ணமும் சீயக்காயும் மணையும் இருக்கும் ஒரு போட்டோவை உங்கள் கடைப் பையனே போனில் எடுத்துவிடுவான். அதைப் போட்டால் மற்ற கடைகளின் மெயில்களுக்கு நடுவே உங்களுடையது தனியாகத் தெரியும்.

சரி, படம் சின்ன விஷயம். நான் எழுத வந்தது வேறு. பண்டிகை என்றால் எங்களுக்கு வேலை, ஏகப்பட்ட வேலை. அந்த வேலைகளில் ஒன்றையாவது உங்கள் மெயில் குறைத்துக் கொடுத்தால் நாங்கள் திறப்போம். தள்ளுபடியைச் சொல்ல ஊரெல்லாம் பேனர் இருக்கிறது, மெயில் எதற்கு?

புடவையையே எடுத்துக்கொள்ளுங்கள். புடவை வாங்குவது ஒரு மணி நேரத்தில் முடியும் (சரி, மூன்று மணி நேரம்), பிளவுஸ்தான் பிரச்சினை. தீபாவளிக்குச் சில வாரங்கள் இருக்கும்போதே 'ஆர்டர் எடுப்பதில்லை' என்று டெய்லர்கள் கையை விரித்துவிடுவார்கள், ஆரி வேலை செய்பவர்கள் அதற்கும் முன்பே. உங்கள் பெரிய மெயில்களெல்லாம் சரியாக அதற்குப் பிறகுதான் வர ஆரம்பிக்கின்றன. ஆக, தைத்துக் கட்ட முடியாத புடவையை வாங்கச் சொல்லி மெயில் வருகிறது. 2026-இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. அங்கிருந்து பின்னோக்கி எண்ணி, ஆரி வேலை வேண்டுமென்றால் இந்தத் தேதிக்குள் துணி எடுங்கள், சாதாரண பிளவுஸ் என்றால் இந்தத் தேதி, ஃபால்ஸும் ஓரம் அடிப்பதும் மட்டும் என்றால் இந்தத் தேதி, அதற்கும் பிறகு வந்தால் ரெடிமேட் பிளவுஸ் இரண்டாவது மாடியில் இருக்கிறது என்று நான்கு வரியில் ஒரு மெயில் அனுப்புங்கள். படமே வேண்டாம். அந்த மெயிலை அக்கா தங்கைக்கு அனுப்புவாள், தங்கை ஆபீஸ் தோழிக்கு அனுப்புவாள். உங்கள் கடைக்குப் பக்கத்தில் இன்னும் ஆர்டர் எடுக்கும் டெய்லர்களின் பட்டியலை அவர்களிடம் கேட்டுச் சேர்த்தால் இன்னும் நல்லது, அவர்களுக்கும் பிழைப்பு.

அடுத்தது தலை தீபாவளி. போன தையிலோ ஆவணியிலோ உங்களிடம் முகூர்த்தப் பட்டு எடுத்த குடும்பம் எது என்று உங்கள் பில் மெஷினுக்குத் தெரியும். அந்த வீட்டுக்கு இந்த வருஷம் சாதாரண தீபாவளி கிடையாது. மாப்பிள்ளைக்கு வேஷ்டி சட்டை, பெண்ணுக்குப் புடவை, சம்பந்தி வீட்டுக்கு என்ன எடுப்பது, எதை விட்டால் பேச்சு வரும் என்று பெண்ணைப் பெற்றவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கும் நீங்கள் அனுப்புவது மற்ற எல்லாருக்கும் போகிற அதே 'அதிரடி ஆஃபர்' மெயில்தான். 'உங்கள் வீட்டில் இந்த வருஷம் தலை தீபாவளியா?' என்று சப்ஜெக்டில் கேளுங்கள், ஆமாம் என்று தொட்டவர்களுக்கு மட்டும் அடுத்த மெயில், அதில் கவுன்டரில் இருபது வருஷமாக நிற்கும் உங்கள் அண்ணாச்சி என்ன சொல்வாரோ அதை அப்படியே எழுதுங்கள். எந்த ஏஜென்சிக்கும் தெரியாத விஷயம் அவரிடம் இருக்கிறது. ஆனால் கேட்காமல் நீங்களாகவே ஊகித்து வாழ்த்து அனுப்பாதீர்கள். கல்யாணம் நின்று போன வீடும் உண்டு.

இதற்கு நேர் எதிரான வீடும் இருக்கிறது. வீட்டில் ஒருவர் தவறிவிட்டால் ஒரு வருஷத்துக்குப் பண்டிகை கொண்டாடாத குடும்பங்கள் நம்மிடம் எத்தனையோ. அந்த வீட்டு இன்பாக்ஸிலும் தினம் இரண்டு வாழ்த்து வந்து விழுகிறது, அதில் சில சமயம் போனவருடைய பெயரே போட்டு. பிரிட்டனில் ப்ளூம் அண்ட் வைல்ட் என்ற பூ விற்கும் நிறுவனம் 2019-இல் ஒரு காரியம் செய்தது. அன்னையர் தின மெயில்கள் வேண்டாம் என்றால் சொல்லிவிடுங்கள், அதை மட்டும் நிறுத்திவிடுகிறோம், மற்றவை வழக்கம்போல் வரும் என்று முன்கூட்டியே ஒரு மெயில் அனுப்பியது. ஆயிரக்கணக்கான பேர் அதைத் தேர்ந்தெடுத்தார்கள், நன்றி சொல்லியும் எழுதினார்கள், வேறு நிறுவனங்களும் பின்னால் அதையே செய்தன. நமக்கு இது இன்னும் எவ்வளவு பொருத்தம் என்று யோசித்துப் பாருங்கள். ஆடி மெயிலின் அடியில் ஒரு வரி போதும்: 'இந்த வருஷம் உங்கள் வீட்டில் பண்டிகை இல்லையென்றால் இங்கே தொடுங்கள், அடுத்த ஆடி வரை பண்டிகை மெயில் அனுப்ப மாட்டோம்.' காரணம் கேட்கக் கூடாது. தொட்ட பிறகு 'ஆழ்ந்த இரங்கல்' என்று பதில் மெயிலும் வரக் கூடாது, பேசாமல் நிறுத்தினால் போதும். இதைச் செய்கிற கடையை அந்தக் குடும்பம் எளிதில் மறக்காது. வியாபாரக் கணக்காகப் பார்த்தாலும் லாபம்தான்.

எந்தப் பண்டிகை யாருக்கு என்பதையும் ஒரு தடவை கேட்டு வைத்துக்கொள்ளலாம். நாகர்கோவிலிலும் தூத்துக்குடியிலும் கிறிஸ்துமஸுக்குத் துணி எடுப்பவர்களுக்கு நவம்பர் கடைசியிலேயே மெயில் போக வேண்டும். ரம்ஜானுக்குப் பிறை பார்த்துத்தான் நாள் முடிவாகும் என்பதால் தேதியைவிட 'ராத்திரி எத்தனை மணி வரை கடை திறந்திருக்கும்' என்ற தகவல்தான் உபயோகம்.

சென்னையிலிருந்து ஊருக்குப் போகிறவர்கள் இன்னொரு கூட்டம். ரயிலில் இப்போது 60 நாள் முன்னால்தான் முன்பதிவு திறக்கிறது, ஆக நவம்பர் 8 தீபாவளிக்கு செப்டம்பர் தொடக்கத்திலேயே நாங்கள் காலை எட்டு மணிக்கு போனும் கையுமாக உட்கார்ந்திருப்போம். 'நாளைக்கு முன்பதிவு திறக்கிறது' என்று முந்தின நாள் ஒரு பாத்திரக்கடை நினைவூட்டினால் அந்தக் கடைப் பெயர் மனதில் நிற்குமா நிற்காதா? அப்புறம் கடைசி வாரத்தில், சென்னையில் பணம் கட்டுங்கள், திருநெல்வேலிக் கிளையில் வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஒரு மெயில். கிளாம்பாக்கத்தில் மூட்டையோடு நிற்பவனுக்கு இருபது சதவீதத் தள்ளுபடியைவிட அது பெரிது.

ஸ்வீட் கடைகளுக்கு மெயிலால் உண்மையான பலன் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடம்தான். 'எல்லாரும் வாட்ஸ்அப்பில் இருக்கிறார்கள், மெயிலை யார் பார்க்கிறார்கள்' என்று கேட்பீர்கள், ஆனால் டொரன்டோவில் இருப்பவன் ஆபீஸ் நாள் முழுக்க மெயிலில்தான் இருக்கிறான். அவனுக்கு எது பார்சலில் தாங்கும் என்று சொல்லுங்கள்: முறுக்கு, மிக்சர், அதிரசம் தாங்கும், பால் ஸ்வீட் தாங்காது, அதை உள்ளூரிலேயே அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம் என்று. கொலு பொம்மைக் கடையென்றால் போன வருஷம் வாங்கிய தசாவதார செட்டின் உயரத்தைக் குறித்து வைத்து, இந்த வருஷம் அதே படியில் பக்கத்தில் நிற்கும் அளவில் என்ன வந்திருக்கிறது என்று எழுதலாம். நகைக்கடைக்காரர்கள் அட்சய திருதியைக்கு ராசிபலன் அனுப்புவதை நிறுத்திவிட்டு, சீட்டில் இதுவரை எவ்வளவு கட்டியிருக்கிறேன், இன்னும் எத்தனை தவணை, முடிந்தால் செய்கூலி சேதாரம் எப்படி என்று மூன்று வரி எழுதினால் போதும்.

இனி கொஞ்சம் டெக்னிக்கல். தமிழில் எழுதுங்கள், ஆனால் எழுத்தாக எழுதுங்கள், மொத்த மெயிலையும் ஒரே படமாகப் போடாதீர்கள். பஸ்ஸில் நெட் கிடைக்காதபோது அது வெறும் கட்டம், பிறகு தேடினாலும் கிடைக்காது, கண் தெரியாதவர்களின் போன் அதைப் படித்துக் காட்டவும் முடியாது. சப்ஜெக்டில் முதல் மூன்று நான்கு சொல்லுக்குள் விஷயம் வந்துவிட வேண்டும், நம் எழுத்து அகலம், போனில் சீக்கிரம் வெட்டுப்படும். இன்னொன்று, மெயிலின் எழுத்தும் அதற்குப் பின்னால் இருக்கும் நிரலும் (code) சேர்ந்து 102 கேபி தாண்டினால் ஜிமெயில் மீதியை மறைத்துவிடும். ஒரு ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் என்றால் தமிழுக்கு மூன்று, 'கொ' மாதிரி கொம்போ காலோ, 'க்' மாதிரி புள்ளியோ சேர்ந்தால் ஆறு. ஆங்கிலத்துக்கென்று செய்த நீளமான டெம்ப்ளேட்டில் தமிழை அடைத்தால் கடைசியில் இருக்கும் 'மெயில் வேண்டாம்' லிங்க்தான் முதலில் காணாமல் போகும். அந்த லிங்க் கண்ணில் படாவிட்டால் நாங்கள் ஸ்பேம் பட்டனை அழுத்துவோம்.

அழுத்தினால் என்ன என்கிறீர்களா? 2024 பிப்ரவரியிலிருந்து, ஒரு நாளில் ஜிமெயில் கணக்குகளுக்கு 5000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு கூகுள் விதி வைத்திருக்கிறது: ஒரே தட்டலில் விலகும் வசதி வேண்டும், ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தை எட்டக் கூடாது. ஆயிரத்துக்கு மூன்று பேர், அவ்வளவுதான். தீபாவளி வாரத்தில் எரிச்சலான மூன்று பேரை உருவாக்க உங்களுக்கு ஒரு காலை போதும். அதற்குப் பிறகு அதே முகவரியிலிருந்து வரும் உங்கள் பில்லும் டெலிவரித் தகவலும்கூட ஸ்பேமுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளலாம்.

முதலாளிகளுக்கு மட்டும் ஒரு வார்த்தை. ஏஜென்சி காட்டும் ஓபன் ரேட்டை, அதாவது மெயிலைத் திறந்தவர்களின் சதவீதத்தை, பார்த்து மகிழாதீர்கள். மெயிலில் இருக்கும் படம் இறங்கினால் திறந்ததாக எண்ணுகிற கணக்கு அது. 2021-இல் ஆப்பிள் கொண்டுவந்த மாற்றத்துக்குப் பிறகு, ஐபோன் மெயில் ஆப் படங்களைத் தானாகவே முன்கூட்டி இறக்கிவிடுவதால் திறக்காத மெயிலும் திறந்ததாகக் கணக்கில் ஏறலாம். எத்தனை பேர் கடைக்கு வந்தார்கள், எத்தனை பேர் பதில் எழுதினார்கள் என்று கேளுங்கள். 'இன்னும் 3 மணி நேரம் மட்டுமே' என்று ஓடும் கடிகாரத்தையும் எடுக்கச் சொல்லுங்கள், மறுநாளும் அதே ஆஃபர் ஓடுவதை நாங்கள் பார்க்கிறோம். 2023 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட டார்க் பேட்டர்ன் (வாடிக்கையாளரை ஏமாற்றும் தந்திரங்கள்) பற்றிய விதிமுறைகளில் இந்தப் பொய் அவசரமும் சேர்த்தி.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். உங்கள் மெயிலெல்லாம் 'நோ ரிப்ளை' முகவரியிலிருந்து வருகிறது. அதை மாற்றுங்கள். 'அந்த மாம்பழக் கலர் புடவை இன்னும் இருக்கா, அம்மாவுக்கு ஒன்பது கெஜம் கிடைக்குமா' என்று கேட்டால் பதில் சொல்ல, அக்டோபர் ஒரு மாதமாவது, கடையில் ஒரு ஆளை உட்கார வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் லிஸ்டில் இருந்து இன்னும் விலகாத ஒரு வாடிக்கையாளர்