மோர்ஸ் கீயின் 'டக் டக்' சத்தத்தைக் குறைக்க

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பொழுதுபோக்காக நடத்தும் ஹாம் வானொலியில் ஜெனரல் தர உரிமம் வேண்டுமென்றால் நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில், புள்ளியும் கோடுமான மோர்ஸ் குறியீட்டை அனுப்பவும் வாங்கவும் தெரிந்திருக்க வேண்டும். பகலில் வேலை, கல்லூரி என்று போய்விடுவதால் பலரும் இரவில்தான் மோர்ஸ் அனுப்பும் கருவியான கீயைத் தட்டிப் பழகுகிறார்கள். ஹெட்போன் மாட்டினால் சைட்டோன் (நாம் தட்டுவதை நமக்கே கேட்கவைக்கும் 'பீப்' ஒலி) வெளியே கேட்காது. கீயின் தட்டல் மட்டும் பக்கத்து அறைக்கும் கீழ்வீட்டுக்கும் போகும். மோர்ஸ் வேகத்தை அளக்கப் பயன்படும் 'பாரிஸ்' என்ற சொல்லில் புள்ளியும் கோடுமாக 14 இருக்கின்றன. மேலும் கீழும் தட்டும் சாதாரண ஸ்ட்ரெய்ட் கீயில் ஒவ்வொன்றுக்கும் அழுத்தும்போது ஒரு சத்தம், விடும்போது ஒரு சத்தம். 8 சொல் வேகத்தில் நிமிடத்துக்கு 224. ஒரு மணி நேரம் விடாமல் தட்டினால் 13 ஆயிரத்தைத் தாண்டிவிடும். வீட்டார் முகம் சுளிப்பதில் நியாயம் இருக்கிறது.

இதற்காக நல்ல கீயைப் பரணில் ஏற்றத் தேவையில்லை. முதலில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கீயை மேஜையிலிருந்து எடுத்து ஒரு கையில் பிடித்துக்கொண்டு தட்டுங்கள். சத்தம் சட்டென்று இறங்கினால் குற்றவாளி மேஜைதான். பிளைவுட் மேஜை, இரும்புத் தகடு மேஜை, இழுப்பறை வைத்த மேஜை மூன்றும் மிருதங்கத்தின் உடல்போல வேலை செய்யும். தந்தி அலுவலகங்களில் இதையே வேண்டுமென்று செய்தார்கள். வரும் தந்தியை 'டக் டக்' ஒலியாகக் கேட்கவைக்கும் சவுண்டர் கருவியை மரக்கூட்டுக்குள் வைத்தார்கள். அமெரிக்காவில் புகையிலைத் தகர டப்பாவை அதன் பின்னால் செருகிச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டவர்களும் உண்டு. நமக்கு வேண்டியது இதற்கு நேர்மாறு.

கீயின் அடியில் ரப்பரை மட்டும் வைப்பது அரைகுறை வைத்தியம். எடை குறைந்த கீ ரப்பர் மேல் ஆடும், நகரும், கைநடை கெட்டுவிடும். எடையும் மெத்தையும் சேர்ந்துதான் பலன் தரும். 8 மி.மீ. கனம், 100 மி.மீ. அகலம், 150 மி.மீ. நீளமுள்ள இரும்புத் தகடு ஏறக்குறைய 940 கிராம் வரும். லேத் பட்டறையில் வெட்டி வாங்கலாம், பழைய இரும்புக் கடையிலும் கிடைக்கும். அதில் எம்4 மரை போட்டுக் கீயை இறுக்குங்கள். மரை போட வசதி இல்லையென்றால் சமையல் மேடை போடுபவர்களிடம் மிஞ்சும் கிரானைட் துண்டு போதும். அதே நீள அகலத்தில் 18 மி.மீ. கனமுள்ள துண்டு 700 கிராமுக்கு மேல் இருக்கும். கீயை இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டலாம். அடியில் ஒரு மவுஸ் பேடை முழு அளவுக்கு வெட்டி வையுங்கள். மூலைக்கு ஒரு கெட்டி ரப்பர் புஷ் வைக்க வேண்டாம், அதிர்வு அந்த நான்கு புள்ளி வழியாக மேஜைக்கு இறங்கும். கனமான பஞ்சு ஃபோமும் வேண்டாம், கீ ஊஞ்சலாடும்.

அடுத்தது தொடுமுனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி. நான் பார்க்கும் கீகளில் பெரும்பாலானவை தேவைக்கு மேல் திறந்தே இருக்கின்றன. கீயை விட்டதும் ஸ்ப்ரிங் அதன் கையை (நாம் தட்டும் நெம்புகோலை) எவ்வளவு வேகமாகப் பின்னால் மோதவிடும் என்பது ஸ்ப்ரிங்கின் விசையையும் அது நகரும் தூரத்தையும் பொறுத்தது. இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் மோதும் ஆற்றல். இடைவெளியைப் பாதியாக்கி ஸ்ப்ரிங்கையும் பாதி தளர்த்தினால் அந்த ஆற்றல் கால் பங்காகிவிடும். ஸ்ட்ரெய்ட் கீயில் 1 மி.மீ. இருந்தால் 0.4 மி.மீ. வரை கொண்டுவாருங்கள். பக்கவாட்டில் அழுத்தும் பேடல் வகைக் கீக்கு 0.1 மி.மீ. போதும், கை பழகியவர்கள் 0.05 வரை போவார்கள். அளக்க, பைக் மெக்கானிக்குகள் டேப்பட் இடைவெளி பார்க்க வைத்திருக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜே போதும். அதுவும் இல்லையென்றால், வழக்கமான 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்றின் கனம் ஏறக்குறைய 0.1 மி.மீ. தாள் லேசாக உரசிக்கொண்டு வெளியே வரவேண்டும். திருகை அசையாமல் பிடிக்கும் லாக்நட்டை இறுக்கும்போது திருகு சிறிது திரும்பி அளவு மாறிவிடும், ஆகவே இறுக்கியபின் மறுபடி அளங்கள். இந்த இடத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

ஸ்ட்ரெய்ட் கீயில் விடும்போது வரும் சத்தம்தான் பெரும்பாலும் பெரிது. அழுத்தும்போது விரல் தாங்கிக்கொள்கிறது, திரும்பும்போது தாங்க யாரும் இல்லை. பின்பக்கத் திருகு மோதும் இடத்தில் பழைய சைக்கிள் டியூபிலோ மெல்லிய தோலிலோ 5 மி.மீ. துண்டு வெட்டி ஒட்டுங்கள். ஒட்டியபின் இடைவெளியை மறுபடி சரிசெய்ய வேண்டும். மூன்று முனை வைத்த பழைய கீயில் பின் தொடுமுனையும் மின்சுற்றில் சேர்ந்திருக்கலாம். அதை ரப்பரால் மூடினால் அந்தச் சுற்று அறுந்துவிடும். முன் தொடுமுனையில் எந்தக் காரணத்துக்கும் எதையும் ஒட்டாதீர்கள். உலோகம் உலோகத்தைத் தொட்டே ஆகவேண்டும். அதில் அழுக்கிருந்தால் வெள்ளைத் தாளை இடையில் வைத்து, மெல்ல அழுத்தி இழுத்தால் போதும். எமரித் தாள் வெள்ளிப் பூச்சைத் தின்றுவிடும்.

பக்கவாட்டில் ஆட்டினால் 'கடகட' என்றால் அச்சு தளர்ந்திருக்கிறது. இரு பக்கக் கூர்முனைத் திருகுகளில் ஒன்றை, கை இறுகி நிற்கும் வரை திருப்பி, பிறகு ஆட்டமும் இறுக்கமும் இல்லாத அளவுக்கு மிகக் கொஞ்சம் பின்வாங்குங்கள். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு, அதுவும் ஊசி முனையில் எடுத்து. தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், நாளாக நாளாகப் பிசினாகிவிடும்.

3டி பிரின்டரில் அச்சடித்த பேடல்களில் அடிப்பாகம் உள்ளே கூடாக இருப்பதால் 'டொக்' என்று ஒலிக்கும். எபாக்ஸியில் மணலைக் கலந்து ஊற்றி நிரப்பினால் எடையும் ஏறும், ஒலியும் அடங்கும். மவுஸில் இருப்பதுபோன்ற மைக்ரோ ஸ்விட்ச் வைத்த மலிவான பேடல்களுக்கு மருந்து இல்லை. உள்ளே இருக்கும் தகடு துள்ளி மாறுவதே அந்த ஸ்விட்ச் வேலை செய்யும் முறை. மாற்றித்தான் ஆகவேண்டும்.

சத்தமே வேண்டாமென்று, விரல் பட்டாலே வேலை செய்யும் டச் பேடல் செய்கிறவர்கள் கவனிக்க: கடைகளில் கிடைக்கும் டிடிபி223 தொடு மாட்யூல் விலை குறைவுதான், ஆனால் அதன் பதில் நேரம் வேகமான நிலையில் 60 மில்லிநொடி வரை போகும், ஓய்வு நிலையிலிருந்து எழ 220 வரை ஆகும். புள்ளியின் நீளம் 1200-ஐ வேகத்தால் வகுத்தால் வரும்: 8 சொல்லுக்கு 150 மில்லிநொடி, 20 சொல்லுக்கு 60. தேர்வு வேகத்துக்குத் தட்டுத்தடுமாறி ஒப்பேற்றலாம், மேலே போனால் எழுத்துகள் விழுங்கப்படும். பக்கத்தில் ஆன்டெனா இருந்தால் ரேடியோ அலையாலும் குழம்பும். விரலுக்கு எந்த உணர்வும் கிடைக்காதது இன்னொரு குறை. அழுத்திப் பிடித்தால் புள்ளி, கோடுகளைத் தானே தொடர்ந்து உருவாக்கும் கீயரும், இரு பக்கத்தையும் சேர்த்து அழுத்தக்கூடிய ஐயாம்பிக் பேடலும் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இயல்பாகவே குறைவு: 'பாரிஸ்' சொல்லுக்கு 14 அழுத்தத்துக்குப் பதில் 9 போதும்.

'கீ கிளிக்' என்று மற்ற நிலையத்தார் புகார் சொன்னால் அது இந்தச் சத்தம் அல்ல. டிரான்ஸ்மிட்டரின் அலை மிகச் செங்குத்தாக ஏறி இறங்குவதால் பக்கத்து அலைவரிசைகளில் கேட்பது அது. ஏற்ற இறக்கத்தை 5 மில்லிநொடி அளவுக்கு மென்மையாக்கினால் தீரும். கீயின் அடியில் எத்தனை ரப்பர் வைத்தாலும் தீராது.

இத்தனைக்கும் பிறகு 'டக்' கேட்டால் டிரான்ஸீவரின் (அனுப்பவும் வாங்கவும் பயன்படும் வானொலி செட்டின்) மேல் காதை வையுங்கள். ஒவ்வொரு முறை கீயை அழுத்தும்போதும் உள்ளே ரிலே (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) மாறிக்கொண்டிருக்கலாம். வெறும் பயிற்சி என்றால், கீயைத் தட்டியதும் செட்டைத் தானாக அனுப்பும் நிலைக்கு மாற்றும் பிரேக்-இன் வசதியை அணைத்துவிடுங்கள். பெரும்பாலான செட்களில் சைட்டோன் மட்டும் ஒலிக்கும், ரிலே அசையாது, அலையும் வெளியே போகாது.

இப்படிக்கு,
ஹாம் வாசகர் ஒருவர்,
திருச்சி