பெட்டிக்கடையிலிருந்து டாக்டர் மகனுக்கு

அன்புள்ள செந்திலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி மட்டும் அப்படியே இருக்கிறது.

போன வாரம் உனக்குச் சாப்பாடு கொண்டுவந்தபோது, டீக்கடை வாசலில் என்னைக் கண்டதும் சிகரெட்டை உள்ளங்கைக்குள் மறைத்தாய். நானும் பார்க்காதவன் போலத் தூக்குவாளியைக் கொடுத்துவிட்டு வந்தேன். 27 வருடம் பெட்டிக்கடை நடத்தியவனிடம் மறைக்கக்கூடிய பொருளா அது?

உனக்குப் புத்திமதி சொல்ல எனக்கு வாய் இல்லை. அரசு மருத்துவமனைக்கு எதிரே சிகரெட் விற்ற காசிலும்தான் உன்னைப் படிக்கவைத்தேன். 2008 காந்தி ஜெயந்தியிலிருந்து பொது இடங்களில் புகைக்கக் கூடாது என்று விதி வந்ததும், அதுவரை அறைக்குள் புகைத்த டாக்டர்களும் என் கடைக்கு வந்தார்கள். வியாபாரம் கூடியது. சந்தோஷப்பட்டேன், பொய் சொல்வானேன்.

ஒரு நாள், மூச்சிரைப்புக்காக வார்டில் கிடந்து வெளியே வந்த பெரியவர் ஒருவர் பீடிக்கட்டு கேட்டார். "டாக்டர் விடச் சொல்லவில்லையா?" என்றேன். கயிற்று நெருப்பில் சிகரெட் பற்றவைத்துக்கொண்டிருந்த வெள்ளைக் கோட்டைக் கண்ணால் காட்டி, "அவர்தான் சொன்னார்" என்று சிரித்தார். டாக்டர் காதில் விழுந்துவிட்டது. மறுநாளிலிருந்து அவர் வேறு கடைக்குப் போனார். பெரியவர் மட்டும் என்னிடமே வாங்கினார். நானும் கொடுத்தேன்.

சமூக மருத்துவம் படித்தபோது நீயே எனக்கு ஒரு கதை சொன்னாய். 1951இல் டால், பிராட்ஃபோர்டு ஹில் என்ற இருவர் பிரிட்டன் டாக்டர்களிடம் அவர்களுடைய புகைப்பழக்கத்தை எழுதிக் கேட்டார்கள். 40,000 பேருக்கு மேல் பதில் போட்டார்கள். பிறகு யார் எப்போது, எதனால் இறக்கிறார்கள் என்று 50 வருடம் கணக்கு வைத்தார்கள். விடாமல் புகைத்தவர்களுக்குச் சுமார் 10 வருட ஆயுள் நட்டம். 50 வயதில் விட்டவர்களுக்கு 6 வருடம் மிஞ்சியது. 30இல் விட்டவர்களுக்கு ஏறக்குறைய முழுதும் திரும்பியது. டாலே சிகரெட்டை விட்டவர்தான் என்றாய். எனக்குத் தெரிந்தது வட்டிக்கணக்கு ஒன்றுதான். அதனால் இது மனதில் தங்கிவிட்டது.

வரும் ஆவணியில் உனக்கு 30.

மருந்து மாத்திரை பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. புகையை விட உதவும் எண் என்று பாக்கெட்டின் மேல் அச்சடித்திருக்கிறார்களே, 1800-11-2356, அதற்குப் பேசக் கூச்சப்படாதே. டாக்டர் என்று சொல்லிக்கொள்ளவா போகிறாய்? இன்னொன்று கேட்கிறேன். உன்னிடம் வருகிறவர்களை, "பீடி, சிகரெட் உண்டா?" என்று விசாரிக்கிறாயா? "அவர் அதைக் கேட்கவே இல்லையே" என்று சொல்லிக்கொண்டு என்னிடம் கட்டு வாங்கியவர்கள் அநேகம். விரலில் அந்த வாடை இருக்கும்போது கேள்வி எப்படி வாயில் வரும்?

நான்கு நாளாகக் கடையில் வாழைப்பழமும் முறுக்கும்தான். வருமானம் பாதியாகிவிட்டது. ஏன் என்று அம்மா துளைத்தெடுக்கிறாள், இன்னும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வரும்போது தூக்குவாளியை மறக்காமல் கொண்டுவா.

அன்புடன்,
அப்பா