மேலே நிற்பதெல்லாம் மிதப்பதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழின் அறிவியல் பக்கத்தில் ‘சூப்பர்நேட்டன்ட்’ என்பதற்கு ‘மேலே மிதக்கும் தூய திரவம்’ என்று பொருள் போட்டிருந்தீர்கள். லத்தீனில் சூப்பர் என்றால் மேலே (சூப்பர்வைசரில் வருகிற அதே சூப்பர்தான்), நேட்டாரே என்றால் நீந்துவது, ஆகச் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் ‘மிதக்கும்’ என்றதில் குற்றமில்லை. ஆனால் படிக்கிற பிள்ளைகள் தண்ணீர் மேல் எண்ணெய் நிற்பதைத்தானே நினைப்பார்கள்? எண்ணெய் தனித் திரவம். இங்கே நிற்பது கலங்கிக் கிடந்த அதே தண்ணீர், அதிலிருந்த தூள் அடியில் உட்கார்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

நான் ராணிப்பேட்டைப் பக்கம் தோல் ஷாப் (தோல் பதனிடும் ஆலை) கழிவுநீரைச் சுத்திகரிக்கும் இடத்தில் வேலை பார்க்கிறேன். காற்றடிக்கும் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் மொண்டு அளவு ஜாடியில் ஊற்றி 30 நிமிடம் ஆட்டாமல் வைப்போம். பழுப்பு ஸ்லட்ஜ், அதாவது கசடு, திட்டுத்திட்டாகச் சேர்ந்து இறங்க இறங்க மேலே தெளிந்து வரும், ஸ்லட்ஜ் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று குறித்துக்கொள்வோம். ஆஸ்பத்திரி லேபில் அவ்வளவு நேரம் காத்திருக்காமல் ரத்தத்தை சென்ட்ரிஃபியூஜ் என்ற சுழல் கருவியில் வைத்துச் சுற்றிவிடுகிறார்கள். உறைந்த ரத்தமென்றால் மேலே நிற்பது சீரம், உறையாமலிருக்க மருந்து சேர்த்ததென்றால் பிளாஸ்மா.

மேலே இருப்பதுதான் உசத்தி என்றும் இல்லை. தோல் பதனிடப் போட்ட குரோம் மிஞ்சி வரும் கழிவில் மெக்னீசியம் ஆக்சைடு போட்டால் குரோமியம் அடியில் படியும். மேல்தண்ணீரை வடித்துவிட்டு, அந்த அடிவண்டலைத்தான் கந்தக அமிலத்தில் கரைத்து மறுபடி தோலுக்குப் போடுகிறார்கள்.

அப்புறம் அந்தத் ‘தூய’. என்னை எழுத வைத்ததே அதுதான். பள்ளிக்கூடத்தில் சுண்ணாம்புத் தெளிநீருக்குள் குழாய் வைத்து ஊதியிருப்போம், பார்க்க ஒன்றுமே இல்லாத தண்ணீர், ஊதியதும் வெளுத்துவிடும். கரைந்த சுண்ணாம்பு உள்ளேயே இருந்திருக்கிறது. கரைந்தது எத்தனை நேரம் வைத்தாலும் படியாது. பச்சைத்தோல் கெடாமலிருக்கப் போடுகிற உப்பும் அப்படித்தான், அத்தனையும் மேல்தண்ணீரோடு போய்விடும், அதைப் பிரிக்க ஆர்.ஓ. வைக்க வேண்டும், அதிலும் மிஞ்சுவதைக் காய்ச்சி ஆவியாக்க வேண்டும். பாலாற்றங்கரையில் எத்தனையோ கிணறுகளில் தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கிறது, வாயில் வைத்தால் உப்புக் கரிக்கிறது.

அடுத்த முறை தெளிநீர் என்றே போடுங்கள், பக்கத்தில் ‘தூய’ மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ராணிப்பேட்டை